மருந்துக்கடையில் நடந்த குடிநீர் அலுவலகம்

ஞாயிறு, மதியம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்பாலும் மனசாலும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கடையைத் திறக்கும்போது எனக்கு வருகிற முதல் நினைப்பு. சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, பேனாவைக் கீழே வைத்து ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, என் முழங்கால்கூட இப்போது மாடிப்படியைப் பார்த்து முறைப்பதில்லை. ஆனால் போன மாதம் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது, ஆடியவன் உன் அப்பா. போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ நடுநடுவே சிரிப்பாய், நானும் உன் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கதையை எனக்கு வசதியாகக் கொஞ்சம் திருப்பிவிடுவேன். காகிதத்தில் அது நடக்காது, எழுதினதை நானே மறுபடி படிக்க வேண்டியிருக்கிறதே. அதோடு நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் இந்தக் கூத்துக்குள்தான் இருக்கிறது. பாலம் கட்டுகிற உன் கம்பெனியில் வரைபடப் பிரிவுக்கே உன்னைத் தலைவியாகப் போடுகிறோம் என்கிறார்கள், பதினெட்டுப் பேர், அதில் பதினைந்து பேர் ஆண்கள், பாதிப் பேர் உன்னைவிட மூத்தவர்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், ஏற்றுக்கொள்ளவா வேண்டாமா அப்பா என்று எழுதியிருந்தாய். கூடவே, அவர் எவ்வளவு ஆதரவாக இருக்கிறார் தெரியுமா, எதற்கும் பயப்படாதே, நான் கூட இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் என்று மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வரியைப் படித்திருந்தால் எனக்கு உச்சி குளிர்ந்திருக்கும். இப்போது அங்கே வந்ததும் என் கண் நகரவே இல்லை.

முதலிலிருந்து வருகிறேன், உனக்குத் தெரிந்ததும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள். உன் அம்மா குடிநீர் நிலையத்துச் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் கண்ணாடிப் புட்டிகளோடு குப்பை கொட்டினவள், தண்ணீரை மூக்கருகே கொண்டுபோனாலே அது எந்தத் தொட்டித் தண்ணீர் என்று சொல்லிவிடுவாள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அவளை நிலையத்துக்கே தலைவியாகப் போட்டார்கள், நாற்பத்திரண்டு பேர் அவளுக்குக் கீழே, அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்காருவது இதுதான் முதல் தடவை என்பதும் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது, அது ஆறு மாதப் பரீட்சை. ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டு வராவிட்டால் பழையபடி சோதனைக்கூடத்துக்கே போய்விடலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். இவளுக்கு முன்னால் பதினோரு வருஷம் இருந்த பெரியவருக்கு இந்த மாதிரி ஆறு மாதம் உண்டா என்று எனக்கு ஒரே ஆவல், கேட்டேன். நானும் அதத்தான் கேட்டேன், இது புது நடைமுறைன்னாங்க, எப்ப வந்ததுன்னு கேட்டா உங்களுக்காகத்தான் முதல்ல வந்திருக்குன்னாங்க என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேர்காணலில் அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி, வீட்டுக்காரர் ஒத்துழைப்பாரா என்பதாம். ஒத்துழைப்பார் என்று சொன்னாளாம். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை போ, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் ஆரம்பித்தது. நம் கடை கிழக்குத் தெரு முனையில் இருக்கிறது, நிலையத்துக்குப் போகிறவனும் வருகிறவனும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் பதவி ஏற்ற இரண்டாம் நாளே குழாய் பழுது பார்க்கிறவர் ஒருவர் இடுப்பு வலிக்குத் தைலம் வாங்க வந்தார். தைலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். என்ன என்றேன். ஒண்ணுமில்லண்ணே, என்னைக் காலை ஷிப்டுக்கு மாத்திக் குடுத்தா நல்லா இருக்கும், மேடத்துகிட்ட நேரா கேக்க ஒரு மாதிரியா இருக்கு, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா என்று தலையைச் சொறிந்தார். இதுக்கென்ன, சொல்லிட்டா போச்சு என்றேன். மறந்துவிடக்கூடாதே என்று ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிவைத்தேன். மறுநாள் இரண்டு பேர், அந்த வாரக் கடைசியில் எட்டுப் பேர். நிலையத்து ஆட்கள் மட்டுமில்லை, தெருக்காரர்களும் வந்தார்கள், எங்க வீட்டுக் குழாயில அழுத்தமே இல்ல, மூணாவது சந்துல மூடி உடைஞ்சு கிடக்கு, மஞ்சளா வருது, மண்ணா வருது என்று. இருமல் மருந்து கேட்டு வந்தவர் இருமலை மறந்துவிட்டு வடிகாலைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். என் கவுன்டருக்கு முன்னால் வரிசை நின்றது. எனக்கும் சும்மா சொல்லக்கூடாது, பிடித்திருந்தது. முப்பது வருஷமாக மருந்துச்சீட்டில் இருக்கிற கோழிக்கிறுக்கலைப் படிப்பதுதான் என் கெட்டிக்காரத்தனம் என்று இருந்தவனுக்குத் திடீரென்று ஊரே வந்து ஆலோசனை கேட்டால் எப்படி இருக்கும், நீயே சொல்.

அட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உன் அம்மாவிடம் ஒவ்வொன்றாக ஒப்பிப்பேன். ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டாள். பிறகு, அவங்களை ஆபீஸ் வந்து பதிவேட்டுல எழுதச் சொல்லுங்க என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். பாவம் அவள் களைத்து வருகிறாள், நான் பாதியைத் தாங்கினால் என்ன என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி அந்த வரிசை கலைந்துவிடுமே என்கிற ஆசை. இதற்கிடையில் அவளுக்கு ஒரு குழப்பம். பெரியவர் இருந்தபோது புகார்ப் பதிவேட்டில் வாரத்துக்கு நாற்பது புகாராவது விழுமாம், இவள் வந்தபிறகு ஐந்து ஆறுதான் விழுகிறது. குழாயெல்லாம் திடீர்னு நல்லபடியா ஆயிடுச்சா, இல்ல ஜனங்களுக்கு என்மேல கோவமா, ஒண்ணும் புரியலையே என்று ஒருநாள் என்னிடமே கேட்டாள். கேட்டது யாரிடம் பார், வீட்டு அலமாரியில் நூறு அட்டையை அடுக்கிவைத்திருக்கிற என்னிடம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உன் நிர்வாகம் நல்லா இருக்குன்னு அர்த்தம் என்று சொல்லிவிட்டு நான் தூங்கப் போய்விட்டேன்.

இப்போது தொட்டி. நிலையத்தில் இரண்டு பெரிய தொட்டிகள். இரண்டாம் தொட்டிதான் கிழக்குத் தெருவுக்கும் அதையொட்டிய சந்துகளுக்கும். அதைக் கழுவி ஒன்பது வருஷம் ஆகிறது. சோதனைக்கூடத்தில் இருந்தபோது வருஷா வருஷம் எழுதிக்கொடுத்தாளாம், பெரியவர் வருஷா வருஷம் தண்ணீரை நிறுத்தினால் ஜனங்கள் கத்துவார்கள் என்று தள்ளிப்போட்டாராம். இவள் வந்ததும் முதல் வேலையாக அதைக் கையில் எடுத்தாள். திங்கள் வடித்துச் சுரண்டிக் கழுவுவது, செவ்வாய் மதியம் பிளீச்சிங் பவுடர் கரைத்த காரமான தண்ணீரால் நிரப்பி ஒரு நாள் முழுக்க மூடிவைப்பது, புதன் மதியம் அதைச் சொட்டுவிடாமல் வடித்துவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பிச் சோதனை பார்ப்பது, வியாழன் காலை திறப்பது. இவ்வளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மேஸ்திரி கையில் கொடுத்தாள். அவரை உனக்கு நினைவிருக்கும், வால்வு திருகுகிற ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாரே, சாவியண்ணன் என்று நீதான் பேர் வைத்தாய், அந்தப் பேர் இன்னும் போகவில்லை. நல்ல மனுஷர்தான், பொய் பேசத் தெரியாது. இதைச் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

புதன்கிழமை உன் அம்மாவுக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போகவேண்டும், தப்ப முடியாத கூட்டம், கூட்ட அறைக்குள் போனால் போனை அணைத்துவிட வேண்டும். நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மதியம் ஒரு மணி இருக்கும், நான் கடையில் தனியாக இருந்தேன். சாவியண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். நிலையத்து வாசல்ல அறுபது பேர் பக்கெட்டோட நிக்கறாங்கண்ணே, மூணு நாளா தண்ணி இல்லன்னு என்னைப் பிடிபிடின்னு பிடிக்கறாங்க, மருந்துத் தண்ணி போட்டு இருபத்துநாலு மணி நேரம் ஆயிடுச்சு, இனிமே இதை வடிச்சுட்டு மறுபடி நிரப்பினா நாளைக்குக் காலைதான், மேடம் போன் ஆஃப்ல இருக்கு, திறந்துடட்டுமா, நீங்க என்ன சொல்றீங்க என்றார். நீங்க என்ன சொல்றீங்க! இந்த ஒரு கேள்வி இருக்கிறதே பாப்பா, அதில் என்ன மயக்கம் இருக்கிறதோ தெரியவில்லை. எனக்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. மருந்துக்கடைக்காரன் மூளை வேலை செய்தது. எந்த மருந்தானாலும் ஒரு நாளில் வேகம் அடங்கிவிடும், அதனால்தானே மறுநாள் மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்கிறோம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நாள் ஆயிடுச்சுல்ல, வீரியம் போயிருக்கும், திறந்துடுங்க, மேடம் வந்தா நான் சொல்லிக்கறேன் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இரண்டரை மணிக்குத் தச்சர் வந்தார், கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. மரத்தூள் விழுந்திருக்கும் என்று நினைத்துக் கண் மருந்து கொடுத்தேன். அடுத்து ஒரு அம்மா, தொண்டை எரிகிறது என்று. அடுத்து ஒருத்தி இரண்டு குழந்தைகளோடு வந்தாள், குளித்த ஈரம் காயவில்லை, மூன்று பேருக்கும் கண் சிவப்பு. அவர்கள் கிட்டே வந்தபோதுதான் அந்த வாடை என் மூக்கில் ஏறியது, ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும்போது வருமே, அது. திரும்பிப் பார்க்கிறேன், முகம் துடைக்க நான் கடைக்குழாயில் நனைத்து ஆணியில் மாட்டியிருந்த கருநீலத் துண்டு அங்கங்கே வெளுத்துப் போயிருக்கிறது. வாசலுக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தால் தெரு முழுக்கக் கொடியில் துணிகள், மூன்று நாளாகத் தோய்க்காத துணியெல்லாம் அன்றைக்குத்தான் தோய்த்திருக்கிறார்கள். கால்பந்து ஆடுகிற பிள்ளைகளின் சிவப்புச் சட்டை பதினொன்றும் ரோஜாப்பூ நிறத்தில் வரிசையாகத் தொங்கின. சாவியண்ணனுக்குப் போன் போட்டு, மூடுங்க மூடுங்க, உடனே மூடுங்க என்று கத்தினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, இப்ப மூடினா ஜனங்க என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்கண்ணே, மேடம் வந்து சொல்லட்டும் என்றார். இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். திறப்பதற்கு என் வாய்ச்சொல் போதும், அதில் நல்ல பேர் வரும். மூடுவதற்கு மட்டும் மேடம் வேண்டும், அதில் கெட்ட பேர் வரும். ஆக அந்த நாற்காலி எதற்குத்தான் இருக்கிறது?

கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு, குடிக்காதீங்க குளிக்காதீங்க என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். பாதிப் பேர் நம்பவில்லை. நாலு மணிக்கு உன் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஈரத்தலையோடு ஒரு பெண் பக்கத்தில் கடந்து போனாளாம், அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக நிலையத்துக்குப் போய் வால்வை மூடவைத்துவிட்டு, லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, சாவியண்ணனையும் கூட்டிக்கொண்டு கிழக்குத் தெருவுக்குள் வந்தாள். ஒரு வீடு விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, தப்பு எங்க நிலையத்தோடது, குழாயில மிச்சம் இருக்கற தண்ணியைத் திறந்து வெளியே விட்டுடுங்க, கண் எரிஞ்சா நிறைய நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, குழந்தைங்க யாராவது வாந்தி எடுத்தா உடனே சொல்லுங்க என்றாள். வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான் என்று ஒரு மாடியிலிருந்து குரல் வந்தது, நான் அண்ணாந்து பார்த்தேன், அவள் பார்க்கவில்லை, அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள். என் பேரை எங்கேயும் எடுக்கவில்லை. நல்லவேளை, பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, முப்பத்தோரு பேருக்குக் கண், இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி, மூச்சுத்திணறல் உள்ள ஒருவரை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எல்லாம் முடிந்து கடைக்கு வந்தாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்றாள். கண் மருந்து எத்தனை இருக்கு, அத்தனையும் எடுத்துக் குடுங்க என்றாள். எடுத்து வைத்தேன். எண்ணிப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு, நான் எழுதிக் குடுத்த தாள் அவர் பையிலதான் இருந்தது, நீங்க சொன்னது எந்தத் தாள்ல இருந்தது என்று கேட்டாள். கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், அவள் கத்தவில்லை. அவள் போனபிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன் பாப்பா, இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் காலை காபி ஆற்றிக்கொண்டே இன்னொன்று கேட்டாள், இது கோபமாகக்கூட இல்லை, அவளுக்கே தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. பெரியவர் ஊர்ல இல்லாத அன்னிக்கு அவர் வீட்டம்மா திறங்கன்னு சொல்லியிருந்தா, சாவியண்ணன் திறந்திருப்பாரா? எனக்கு இந்தக் கேள்வி மண்டைக்குள் வண்டாகக் குடைய ஆரம்பித்துவிட்டது. பெரியவரின் வீட்டம்மா நம் கடையில்தான் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்குகிறார். வந்தபோது கேட்டேவிட்டேன், அக்கா, பதினோரு வருஷத்துல நிலையத்து ஆளுங்க யாராவது உங்ககிட்ட வந்து வால்வைத் திறக்கட்டுமா மூடட்டுமான்னு கேட்டிருக்காங்களா என்று. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திறக்கறதா, எங்க வீட்டுலயே தண்ணி வரலன்னா நானும்தான் வரிசையில நின்னு பதிவேட்டுல எழுதிட்டு வந்தேன், அவர்கிட்ட சொன்னா ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசாதேம்பார் என்றார். மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், நடுவில் மேலதிகாரி. அவள்மேல் இரண்டு குற்றச்சாட்டு, ஒன்று தொட்டி, இன்னொன்று பதிவேடு. நாற்பது புகார் வந்த இடத்தில் ஆறுதான் வருகிறதென்றால் ஜனங்கள் இந்த அம்மாவை நெருங்கவே தயங்குகிறார்கள் என்று அர்த்தம், ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். சாவியண்ணனைக் கேட்டார்கள். மேடத்தோட வீட்டுக்காரர் திறக்கச் சொன்னார், திறந்தேன் என்றார். மூன்று பேரும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள், ஒருத்தருக்கும் அதில் ஆச்சரியமே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். உன் அம்மா எழுந்து, நான் அவர்கிட்ட ஒண்ணு கேக்கலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டாள். என் தாள் உங்க பையில இருந்துச்சா? இருந்துச்சு மேடம். படிச்சீங்களா? படிச்சேன் மேடம். அப்புறம் எதுக்குக் கடைக்குப் போனீங்க? பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று சொன்னேனே. ஒரு ஆம்பளை வாயால ஒரு தடவை கேட்டுட்டா மனசுக்குத் தைரியமா இருக்கும்னு தோணிடுச்சு மேடம், உங்களைக் குறைச்சு நினைக்கல என்றார்.

என் முறை வந்தது. இருமல் மருந்து வருகிற பெட்டியில் போட்டு அட்டைகளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேஜையில் கொட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு. காணாமல்போன புகாரெல்லாம் இதோ இருக்கிறது ஐயா, ஜனங்கள் இவரை நெருங்காமல் இல்லை, நடுவில் நான் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன், பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள் என்று இவர் என்னிடம் எத்தனையோ தடவை சொன்னார், நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். மேலதிகாரி இரண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார், வயிற்றுப்புண் மாத்திரை என்று அச்சடித்த பக்கத்தைக்கூடப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நல்ல மனுஷராகத்தான், என்னைப் பார்த்துக் கேட்டார், சரிங்க, நடந்தது நடந்துபோச்சு, நீங்களே சொல்லுங்க, இவங்க இந்தப் பொறுப்புல தொடரட்டுமா, வேண்டாமா? நம்புவாயா? உன் அம்மா அதே மேஜையில், கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், தொடரட்டும் ஐயா, இவரைவிட ஆள் கிடைக்காது என்கிற பதில் என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு அன்பான பதில், எவ்வளவு ஆதரவான புருஷன்! அதைச் சொல்லியிருந்தால் நூற்றுப் பதிமூன்றாவது அட்டை ஆகியிருக்கும். அதை விழுங்கிவிட்டு, அவங்க அதோ உக்காந்திருக்காங்க, அவங்களையே கேளுங்க என்றேன். அவள் பதவி ஏற்றதிலிருந்து நான் உருப்படியாகச் சொன்ன பதில் அது ஒன்றுதான். மேலதிகாரி அவள் பக்கம் திரும்பினார். அவள், தொடரணும், அடுத்த மாசம் ஒண்ணாம் தொட்டியைக் கழுவணும், அதுவும் ஒம்பது வருஷமாச்சு என்றாள்.

தொடர்கிறாள். ஆனால் ஆறு மாதக் கணக்கு முதலிலிருந்து மறுபடி ஓடுமாம், இதற்கும் அவர்களிடம் ஒரு புது நடைமுறை இருக்கிறது. சாவியண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம். மாடியிலிருந்து கத்தின ஆள் இப்போதும் கத்துகிறான். எனக்கு மட்டும் ஒரு தண்டனையும் இல்லை. எப்படிக் கொடுப்பார்கள், நான் அங்கே யாருமில்லையே, யாருமில்லாத ஒருவன் சொல்லித்தான் ஒரு தெருவே கண்ணெரிந்தது. நானாகவே ஒரு பலகை எழுதிக் கடையில் மாட்டியிருக்கிறேன், இங்கே மருந்து மட்டும், தண்ணீர் விஷயத்துக்கு நிலையத்தில் பதிவேடு உண்டு என்று. முதல் வாரம் எல்லோரும் அதைப் படித்துவிட்டு, அது சரிண்ணே, ஆனா எங்க வீட்டுக் குழாய் என்று ஆரம்பித்தார்கள். வெளுத்த துண்டை எடுத்துக் கவுன்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன், புரிந்துகொண்டு போய்விடுவார்கள். பதிவேட்டில் போன வாரம் முப்பத்தெட்டு விழுந்திருக்கிறது என்று கேள்வி, அதுவும் சாவியண்ணன் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்ததுதான், நான் கேட்கவில்லை. ஒண்ணாம் தொட்டி நேற்றோடு முடிந்தது, தண்ணீர் நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை முழுசாகப் படிக்கக் கொடு. தங்கமான பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமில்லை, நானும் தங்கமான ஆள்தான், அதுதானே கோளாறு. கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றால் எதை என்று கேட்டு வைத்துக்கொள். சமைக்கட்டும், கடைகண்ணிக்குப் போய் வரட்டும், நீ களைத்து வந்தால் பேசாமல் பக்கத்தில் உட்காரட்டும். உன் பதினெட்டுப் பேரில் ஒருவர் அவரைத் தனியாகப் பார்த்து, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன் என்று ஒரு நாள் கேட்பார், நிச்சயம் கேட்பார், அன்றைக்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஏற்றுக்கொள்ளவா வேண்டாமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். போன வாரம் அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நாலு பக்கம். அம்மாவைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி, அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. நாற்பத்திரண்டு பேரை நடத்துகிறவள் இந்த வீட்டில் இருக்கிறாள், ஏச்சு வாங்கினவள், விசாரணையில் எழுந்து நின்றவள், நீ பதினெட்டுப் பேரை நடத்தலாமா என்று கேட்டிருப்பது மாத்திரை விற்கிற என்னை. உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணு, நீ வேறெங்கே கற்றாய், எல்லாவற்றையும் அப்பா வழியாகச் சொல்லி அப்பா வழியாகவே கேட்டுப் பழக்கினவன் நான்தானே. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். கடிதத்தின் கடைசியில் அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாள், அப்படிச் சொல்லச் சொன்னாள் என்று நான் எப்போதும் எழுதுவேனே, அதையும் இந்தத் தடவை எழுதவில்லை. அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள், ஏதோ வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு. என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க அப்பாவின் ஆசீர்வாதம். கண்ணை அடிக்கடி கசக்காதே, வரைபடம் பார்க்கிற கண். மறக்காமல் இதைச் செய், காலை எட்டு மணிக்குள் கூப்பிட்டால் உன் அம்மா வீட்டில் இருப்பாள். என் எண்ணுக்குப் போடாதே, அவள் எண்ணுக்குப் போடு. மணி அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மருந்து மட்டும் விற்கிற
உன் அப்பா